கௌரியம்மா: பத்து சென்ட் பட்டயமும் சட்டமன்றத்தில் ஒற்றைக் குரலும்

கல்குளத்தான்

நண்பர்களே, ரொம்ப நாளாகத் தொடங்க நினைத்த இழை இது. கேரளத்தின் கம்யூனிஸ்ட் தலைவர், பலமுறை அமைச்சராக இருந்த கே.ஆர். கௌரியம்மா பற்றி. 2021 மே 11 அன்று 101 வயதில் அவர் காலமானபோது நம் பக்கத்துப் பத்திரிகைகள் ஒரு பத்திச் செய்தியோடு நிறுத்திக்கொண்டன. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம் தாலுகா. என் பாட்டியும் பாட்டியின் தங்கையும் ஒரே குடிசையில் வளர்ந்தவர்கள். அடுத்தவர் விளையில், அதாவது தோட்ட நிலத்தில், குடில் போட்டு, அந்த விளைக்காரர் வீட்டில் வேலை செய்து பிழைத்த குடும்பம். பாட்டி உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டார். தங்கையைப் பாறசாலைக்கு அப்பால் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு காலை நேர நடைதான். 1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரிந்தது, நாங்கள் சென்னை மாநிலம் ஆனோம், அவர்கள் கேரளம் ஆனார்கள்.

சின்னப் பாட்டி வீட்டுக்குப் போனால் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டுவார். மேலே ஒரு கசவு முண்டு, அதற்கடியில் நாலாக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் காகிதம் ஒட்டிய ஒரு நில உரிமைப் பட்டயம். பத்து சென்ட். "இது கௌரி தந்த மண்ணு" என்பார். அவர் வாழ்நாளில் கௌரியம்மாவை நேரில் பார்த்ததில்லை. எங்கள் பாட்டிக்கு அப்படி ஒரு காகிதம் கிடையாது. விளைக்காரரின் மகன் நிலத்தை விற்றபோது குடிலைப் பிரித்துக்கொண்டு வேறு இடம் பார்த்தார்கள்.

அக்கா தங்கை இருவருக்கும் நடுவில் இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று தேடப் போய்த்தான் நான் கௌரியம்மாவிடம் வந்து சேர்ந்தேன். 1957 ஏப்ரல் 5 அன்று கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. மொத்தம் 11 பேர், அதில் பெண் இவர் ஒருவர்தான், வருவாய்த்துறை. பதவியேற்ற ஆறாம் நாள், ஏப்ரல் 11 அன்று, குடியிருப்பவர்களையும் குத்தகைக்காரர்களையும் யாரும் வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் பாட்டி ஐந்து மாத வித்தியாசத்தில் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார்.

ஒரு சட்டமன்ற உறுப்பினர் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்தத் தகரப் பெட்டிதான். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வெண்ணாற்றங்கரை

நல்ல இழை தோழர். நான் டெல்டாக்காரன். எங்கள் பக்கமும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1961-ல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970-ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். ஆனால் 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். அரைப்படி நெல் கூலி கூடக் கேட்ட ஊரில்.

எங்கள் அப்பா குத்தகை சாகுபடி. குத்தகைப் பதிவேட்டில் பேர் ஏற்றுவதற்கே ஆயுளில் பாதி போனது. இன்றைக்கும் நிலம் இன்னொருவருடையதுதான், எங்களை எளிதாக வெளியேற்ற முடியாது, அவ்வளவுதான். கேரளத்தில் குத்தகைக்காரரே சொந்தக்காரர் ஆனார் என்கிறார்கள். அங்கே மட்டும் அது எப்படி நடந்தது? சட்டம் தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

பழைய வக்கீல்

வெண்ணாற்றங்கரை அவர்கள் கேட்டது சரியான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுச் சட்டம் குத்தகைக்காரருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. கேரளச் சட்டம் குத்தகை என்ற உறவையே எடுத்துவிட்டது. 1970 ஜனவரி 1 அன்று, குத்தகையில் இருந்த நிலங்களில் ஜன்மிக்கு, அதாவது நில உடைமையாளருக்கு, இருந்த உரிமை அரசிடம் போய்ச் சேர்ந்தது. பயிர் செய்தவர் ஒரு தொகையைத் தவணையாகக் கட்டி அரசிடமிருந்து பட்டயம் வாங்கிக்கொண்டார். ஜன்மியிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டிய கட்டமே இல்லை. குடிகிடப்புக்காரருக்கு, அதாவது அடுத்தவர் நிலத்தில் குடில் போட்டிருப்பவருக்கு, பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகரத்தில் மூன்று. சின்னப் பாட்டியின் பெட்டியில் இருப்பது அதுதான்.

இந்த இடத்துக்கு வந்து சேர 12 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவசரச் சட்டம் வெறும் தடுப்புக் கட்டை. உண்மையான மசோதாவைக் கௌரியம்மா 1957 டிசம்பரில் சபையில் வைத்தார். செலக்ட் கமிட்டி, திருத்தங்கள், பிரிவு பிரிவாக விவாதம், எல்லாம் முடிந்து 1959 ஜூன் 10 அன்று நிறைவேறியது. அதற்குள் வெளியே அரசுக்கு எதிரான விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்) பற்றி எரிந்துகொண்டிருந்தது. கல்வி மசோதா ஒரு பக்கம், நில மசோதா ஒரு பக்கம். தேவாலயத்தாரும் மன்னத்து பத்மநாபன் தலைமையில் நாயர் சங்கத்தாரும் தெருவுக்கு வந்தார்கள். அங்கமாலியில் போலீஸ் சுட்டதில் ஏழு பேர் இறந்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அது கௌரியம்மா இருந்த அரசின் போலீஸ். 1959 ஜூலை 31 அன்று 356-ஆம் பிரிவில் அரசையே கலைத்தார்கள்.

அரசு போனாலும் மசோதா சாகவில்லை. 1961-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது, திருத்தங்களோடு. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் காசர்கோட்டுப் பக்கத்து ரயத்துவாரி (விவசாயியே நேராக அரசுக்கு வரி கட்டும்) நிலங்கள் சம்பந்தமாக அதைத் தள்ளிவிட்டது. 1963-ல் இன்னொரு ஆட்சி இன்னொரு சட்டம் கொண்டுவந்தது, நில உடைமையாளர்களுக்குச் சாதகமான ஓட்டைகளோடு. 1967-ல் கௌரியம்மா மறுபடி வருவாய்த்துறை அமைச்சர். பழைய கோப்பை மறுபடி எடுத்து, 1969-ல் அந்தச் சட்டத்தைக் கிட்டத்தட்டப் புதிதாகவே திருத்தி எழுதினார்கள். பத்தாண்டு கழித்துத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கிய அமைச்சர்கள் எத்தனை பேரை நமக்குத் தெரியும்?

அப்புறம் ஒன்று. எடநீர் மடத்தின் கேசவானந்த பாரதி உச்ச நீதிமன்றம் போனது இந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துத்தான். 1973 ஏப்ரல் 24 தீர்ப்பு, 13 நீதிபதிகள், 7-க்கு 6. அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் கை வைக்க முடியாது என்று இன்றைக்கு எல்லோரும் பேசுகிறோமே, அந்த வழக்கின் வேர் கேரளத்து வயல்வரப்பில் இருக்கிறது.

புதுவரவு

இதெல்லாம் எனக்குப் புதிது. அவர் எத்தனை முறை எம்.எல்.ஏ. ஆனார்? முதலமைச்சர் ஆகவே இல்லையா?

சேர்த்தலை மருமகள்

நான் பிறந்தது திருநெல்வேலி, வாக்கப்பட்டது சேர்த்தலை. கௌரியம்மா பிறந்த பட்டணக்காடு எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். ஆகவே புதுவரவு தம்பிக்கு நான் பதில் சொல்கிறேன்.

1919 ஜூலை 14 பிறப்பு. ஈழவர் சமூகம், வசதியான குடும்பம். எர்ணாகுளத்தில் படித்து, சட்டமும் முடித்து வக்கீல் ஆனார். அந்தச் சமூகத்துப் பெண்கள் பள்ளிக்கூட வாசலுக்கே தயங்கிய காலம் அது. அண்ணன் சுகுமாரன் தொழிற்சங்கக்காரர், அவர் வழியாகக் கட்சி. 1946-ல் துப்பாக்கிச் சூடு நடந்த வயலார் பக்கத்து ஊர்தான், அந்தக் கதைகளைக் கேட்காமல் அங்கே யாரும் வளர முடியாது.

1948 தேர்தலில் நின்று தோற்றார். சிறைக்குப் போனார். அந்த நாட்களைப் பற்றி அவர் பின்னால் சொன்ன வார்த்தை கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். லத்திகளுக்குப் பிள்ளை கொடுக்கும் சக்தி இருந்திருந்தால் நான் எத்தனையோ லத்திக் குழந்தைகளைப் பெற்றிருப்பேன் என்ற பொருளில் சொன்னார். முதல் தடவை என் மாமியார் இதை எனக்குச் சொன்னபோது மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

1952, 1954-ல் திருவிதாங்கூர் கொச்சி சட்டமன்றம். 1957, 1960-ல் சேர்த்தலை. பிறகு தொகுதி அரூர். 1965-ல் ஜெயித்தும் அந்தச் சபை கூடவே இல்லை. 1967, 1970 வெற்றி. 1977-ல் தோல்வி. 1980, 1982, 1987, 1991, 1996, 2001 வெற்றி. 2006-ல் அரூரில் தோல்வி, 2011-ல் சேர்த்தலையில் தோல்வி, அப்போது வயது 90 தாண்டிவிட்டது. 13 முறை ஜெயித்தவர். ஆறு அமைச்சரவைகளில் இருந்தார்.

முதலமைச்சர் ஆகவில்லை தம்பி. 1987 தேர்தலில் தென்னை நிறைந்த கேரள நாட்டைக் கே.ஆர். கௌரி ஆளட்டும் என்ற முழக்கம்தான் ஊரெல்லாம். ஜெயித்த பிறகு நாயனார் முதலமைச்சர் ஆனார். கௌரியம்மாவுக்குத் தொழில்துறை. இதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கொழுந்துமலை

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். மனசு நிறைந்தது, கூடவே வலித்தது. நான் மூணாறு பக்கம் பிறந்தவள், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கம்பெனியின் வரிசை வீட்டில். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனியின் தோட்டம். என் தாத்தா கயத்தாறு பக்கத்திலிருந்து கங்காணி கூட்டி வந்த ஆள்.

கல்குளத்தான் அண்ணே, உங்கள் சின்னப் பாட்டிக்குக் கிடைத்த பத்து சென்ட் எங்கள் பாட்டிக்குக் கிடைக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார், கேரளத்துக்குள்ளே. அவரும் அடுத்தவர் நிலத்தில்தான் குடியிருந்தார். ஆனால் தோட்டங்களுக்கு உச்சவரம்பு இல்லை என்று அந்த மசோதாவிலேயே விலக்கு எழுதியிருந்தது. லயத்தில் இருப்பவர் குடிகிடப்புக்காரர் ஆக முடியாது. வேலை இருக்கும்வரை வீடு, வேலை முடிந்தால் சாவியைக் கொடு.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1957-ல் அந்த அரசுக்கு இருந்த பலம் 126-ல் 60, கூட ஐந்து சுயேச்சைகள். நூலிழைப் பெரும்பான்மை. 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. ஆளும் கட்சி சார்பில் ரோசம்மா புன்னூஸ் நின்றார். ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் மலை மலையாக ஏறிப் பாடினார். என் தாத்தா அந்தப் பாட்டுக் கூட்டங்களுக்கு டார்ச் விளக்கும் கம்பளியுமாக நடந்து போனவர். சாகும்வரை, கொழுந்து நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போதுகூட அந்த மெட்டுகளை முணுமுணுப்பார். ரோசம்மா ஜெயித்தார், அரசு நின்றது, அரசு நின்றதால் மசோதா 1959 வரை போனது.

எங்கள் ஓட்டில் நின்ற அரசு கொண்டுவந்த சட்டத்தில் எங்கள் பேர் இல்லை. நான் கௌரியம்மாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த இழையில் இது பதிவாகாமல் போகக் கூடாது.

கல்குளத்தான்

தங்கச்சி, இதை எழுதியதற்கு நன்றி. ஐந்து மாத வித்தியாசத்தை நினைத்து இத்தனை வருஷம் வருத்தப்பட்டவன் நான். சரியான பக்கம் இருந்தும் கிடைக்காதவர்கள் இருந்தார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

வக்கீல் ஐயா, ஏன் தோட்டங்களை விட்டார்கள்?

பழைய வக்கீல்

கொழுந்துமலை அம்மா சொன்னது முழுக்க உண்மை. சட்டத்தின் 81-ஆம் பிரிவு. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் எல்லாம் அதில் வரும். அன்று சொல்லப்பட்ட காரணம், தோட்டத்தைத் துண்டு போட்டால் உற்பத்தி படுத்துவிடும், ஏற்றுமதி வருமானம் போய்விடும் என்பது. ஆனால் தோட்டத்தைத் துண்டு போடாமலே தொழிலாளிக்கு வீட்டு மனை கொடுத்திருக்கலாம். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1971-ல் மூணாறு மலை நிலங்களை அரசே எடுத்துக்கொள்ளத் தனிச் சட்டம் வந்தது, அப்போதும் தேயிலை நின்ற நிலம் கம்பெனி வசமே இருந்தது.

பொதுவாகவே அந்தச் சட்டத்தின் பெரிய பயன் குத்தகைக்காரருக்குப் போனது. வயலில் இறங்கி நாற்று நட்ட தலித் கூலிக்காரர் பெயரில் குத்தகை எப்போது இருந்தது? அவருக்குக் கிடைத்தது குடில் நின்ற மண் மட்டும். உச்சவரம்புக்கு மேலான மிச்ச நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதாகத்தான் பேச்சு. ஆனால் மசோதாவுக்கும் அமலுக்கும் நடுவில் ஓடிய 12 ஆண்டில் எவ்வளவு நிலம் மகன், மருமகன், அறக்கட்டளை என்று பேர் மாறியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். குடும்பத்துக்குப் பத்து ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று எழுதியபோது மிச்ச நிலம் பாதி கரைந்திருந்தது.

பவானிக்கரை

நான் கேரளத்து மலைப்பகுதியான அட்டப்பாடியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன், பூர்வீகம் மேட்டுப்பாளையம். மேலே பேசியதையெல்லாம் விட, கௌரியம்மா பற்றி என் மனதில் நிற்பது 1996 செப்டம்பரில் சபையில் நடந்தது.

பின்கதை இது. பழங்குடிகளிடமிருந்து கைமாறிய நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1975-ல் கேரளம் ஒரு சட்டம் போட்டது. போட்டதோடு சரி. விதிகள் எழுதவே 1986 ஆனது. நிலம் யாருக்கும் திரும்பவில்லை. வயநாட்டில் இருந்த மருத்துவர் நல்லதம்பி தேரா உயர் நீதிமன்றம் போனார், சட்டத்தை அமல்படுத்து என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. நெருக்கடி வந்ததும் அரசு என்ன செய்தது தெரியுமா? நிலத்தை மீட்பதை விட்டுவிட்டுச் சட்டத்தையே மாற்ற வந்தது. 1986 ஜனவரி வரை நடந்த கைமாற்றமெல்லாம் செல்லும் என்று திருத்த மசோதா. ஆளும் கட்சி ஆதரவு, எதிர்க்கட்சி ஆதரவு. குடியேறிய விவசாயிகளின் ஓட்டு இரண்டு பக்கத்துக்கும் வேண்டும், ஆதிவாசிகளின் ஓட்டு கொஞ்சம்.

140 பேர் கொண்ட சபையில் எதிர்த்து நின்றவர் கௌரியம்மா ஒருவர்தான். அப்போது வயது 77. அவர் இருந்த கூட்டணியே மசோதாவுக்கு ஆதரவு. நிலச் சட்டத்தை உருவாக்கியவர் அதே சபையில் நின்று இது தப்பு என்றார். பிறகு குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுக்க மறுத்தார். 1999-ல் வேறு வடிவத்தில் சட்டம் வந்தது வேறு கதை.

நம்மவர்களுக்குக் கசக்கும் ஒரு உண்மையும் இதில் இருக்கிறது. அட்டப்பாடியில் இருளர் நிலம் கைமாறியது மலையாளக் குடியேறிகளிடம் மட்டும் இல்லை. அதற்கு முன்பே கோவைப் பக்கத்திலிருந்து போன நம் ஆட்களிடமும்தான். நான் பார்த்த ஒரு ஊரில் ஒரு மூப்பர் மலைச்சரிவைக் கையால் காட்டி, இந்தப் பாறையிலிருந்து அந்த ஓடை வரை எங்க அப்பன் கேழ்வரகு விதைத்த இடம் என்றார். அங்கே நின்றது தமிழ்க்காரர் தோட்டம். மூப்பர் என்னிடம் தமிழில்தான் பேசினார். எனக்கு முகம் தூக்கிப் பார்க்க முடியவில்லை.

நேர்வழி

எல்லாம் சரி. ஆனால் அவர் பின்னாட்களில் காங்கிரஸ் கூட்டணியில் போய் அமைச்சராக உட்கார்ந்ததை யாரும் சொல்லவில்லையே. 1959-ல் தன் ஆட்சியைக் கவிழ்த்தவர்களோடு கைகோத்தார். கொள்கைக்காரர் என்றால் அதற்கும் பதில் வேண்டும்.

சேர்த்தலை மருமகள்

நேர்வழி அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலேயே இதற்காக இரண்டு பேர் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

1994 தொடக்கத்தில் கட்சி அவரை வெளியேற்றியது. ஆலப்புழை வளர்ச்சிக்காகக் காங்கிரஸ் அரசு அமைத்த ஒரு அமைப்பின் தலைவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டதையும் குற்றமாகச் சொன்னார்கள். உண்மைக் காரணம் 1987-லிருந்தே வளர்ந்த பிணக்கு என்பதுதான் இங்கே பலருடைய எண்ணம், என்னுடையதும் அதுதான். 75 வயதை நெருங்கும்போது ஜே.எஸ்.எஸ். என்று தனிக் கட்சி தொடங்கினார். காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணியில் சேர்ந்தார். ஆண்டனி, உம்மன் சாண்டி அமைச்சரவைகளில் வேளாண்துறை. கடைசிக் காலத்தில் பழைய தோழர்கள் பக்கமே திரும்பினார். 2019-ல் நூறு வயது நிறைந்தபோது சட்டமன்றமே அவரைக் கௌரவித்தது. இறந்த பிறகு உடல் போனது ஆலப்புழை வலிய சுடுகாட்டுக்கு, பழைய தோழர்கள் கிடக்கும் இடத்துக்கு.

காங்கிரஸ் கூட்டணிக்குப் போனது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் எங்கே போனாலும் அரூர் மக்கள் 1996-லும் 2001-லும் அவரைத்தான் அனுப்பினார்கள். கொடியைப் பார்த்து ஓட்டுப் போடும் ஊர் அது. கொடி மாறியும் ஆளைப் பார்த்துப் போட்டார்கள்.

அவருக்கு வாழ்க்கையில் இழப்பும் அதிகம். 1957-ல் அமைச்சராக இருந்தபோதே சக அமைச்சர் டி.வி. தாமஸைக் கல்யாணம் செய்தார். 1964-ல் கட்சி உடைந்தது, அவர் சி.பி.ஐ., இவர் சி.பி.எம். 1967 அமைச்சரவையில் இருவரும் இருந்தார்கள், அடுத்தடுத்த அரசு வீடுகளில், தனித்தனியாக. 1977-ல் தாமஸ் புற்றுநோயில் போனார். கடைசிவரை அவருடைய படம் கௌரியம்மா வீட்டில் இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் நிலச் சட்டத்தைப் பேசுவதைவிட அந்தப் படத்தைப் பேசுவதுதான் அதிகம்.

இன்னொன்று. 1987 அமைச்சரவையில் இருந்தபோது மகளிர் ஆணையத்துக்கான சட்டத்துக்கு வழி செய்தவரும் இவர்தான். டெக்னோபார்க் தொடங்கியதும் இவர் தொழில்துறையில் இருந்த காலத்தில். வயல் கோப்பு மட்டும் பார்த்தவர் இல்லை.

நேர்வழி

விரிவான பதிலுக்கு நன்றி அக்கா. என் கேள்வி முழுசாகத் தீரவில்லை. 1996 பற்றிப் பவானிக்கரை எழுதியது எனக்குத் தெரியாது. கூட்டணிக்குள் உட்கார்ந்துகொண்டே எதிர்த்து நின்றார் என்றால் நான் நினைத்தது போல அடங்கிப் போனவர் இல்லை.

வெண்ணாற்றங்கரை

ஒரு சந்தேகம். நிலச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது அச்சுத மேனன் என்று சி.பி.ஐ. தோழர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அப்படியானால் கௌரியம்மா பங்கு எவ்வளவு?

பழைய வக்கீல்

இரண்டும் உண்மை. திருத்தச் சட்டம் 1969 அக்டோபரில், இ.எம்.எஸ். அரசு விழும் தறுவாயில், கௌரியம்மா வருவாய்த்துறையில் இருந்தபோது சபையில் நிறைவேறியது. அதே மாதம் அரசு விழுந்தது. நவம்பர் 1 அன்று அச்சுத மேனன் முதலமைச்சர். அவர் ஆட்சியில் 1970 ஜனவரி 1 முதல் அமல். அவர் இழுத்தடித்திருக்கலாம், செய்யவில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. மறுபக்கம் கௌரியம்மாவின் கட்சி ஆலப்புழையில் கூடி, சட்டம் கிடைத்துவிட்டது, இனி நாமே போய் எடுத்துக்கொள்வோம் என்று மிச்சபூமிப் போராட்டம் அறிவித்தது. குடிகிடப்புக்காரர்கள் தங்கள் பத்து சென்டைத் தாங்களே அளந்து வேலி கட்டினார்கள். அரசும் போராட்டமும் இரண்டு பக்கம் இழுத்ததால்தான் காகிதம் மண்ணாக மாறியது.

2020-ல் ஐம்பதாம் ஆண்டு விழாவில் முதலமைச்சர் பேச்சில் அச்சுத மேனன் பெயர் வரவில்லை என்று பெரிய சண்டையே நடந்தது. ஐம்பது வருஷம் கழித்தும் ஒரு சட்டத்துக்கு யார் சொந்தக்காரர் என்று அடித்துக்கொள்கிறார்கள் என்றால் அந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டிலும் 1971-ல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்தது, வெண்ணாற்றங்கரை. விவசாயக் கூலிக்குக் குடியிருக்கும் மனை சொந்தம் என்று. உங்கள் ஊர்த் தெருவில் கேட்டுப் பாருங்கள், பட்டா வாங்கியவர்கள் இருப்பார்கள்.

வெண்ணாற்றங்கரை

இருக்கிறார்கள் ஐயா, எங்கள் தெற்குத்தெருவில் அந்தப் பட்டாவை வைத்துத்தான் கான்கிரீட் வீட்டுக்கு மனு போட்டார்கள். அது 1971 சட்டத்தில் வந்தது என்று இன்றைக்குத்தான் கணக்குப் புரிகிறது.

கல்குளத்தான்

வக்கீல் ஐயா சொன்ன வேலி விஷயம் எனக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறது. சின்னப் பாட்டி வீட்டு வடக்கு எல்லையில் நாலைந்து பூவரசங்கொம்பு வரிசையாக மரமாகி நிற்கும். ராத்திரியோடு ராத்திரியாக அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் சின்னத்தாத்தா நட்டது என்பார். திருட்டு வேலை மாதிரி எதற்கு ராத்திரி என்று நான் கேட்டதுண்டு. போராட்டத்தில் நட்ட வேலி என்று இப்போது தெரிகிறது. பட்டயம் அதற்கு அப்புறம்தான் வந்திருக்கிறது.

கொழுந்துமலை தங்கச்சி, இருக்கிறீர்களா? உங்கள் ஊர்க் கதை பாதியில் நிற்கிறது.

கொழுந்துமலை

இருக்கிறேன் அண்ணே. பெட்டிமுடி பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன், கை வரவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு. மலை சரிந்து நாலு வரிசை லயம் மண்ணுக்குள் போனது. 70 பேர். பாதிப் பேருக்குக் கயத்தாறு பக்கம்தான் சொந்த ஊர். தப்பியவர்களுக்குக் குட்டியார்வேலியில் அரசு நிலத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் பாட்டிக்குக் கிடைக்காத மனை அவர்களுக்குக் கிடைத்தது, அப்படிக் கிடைத்தது.

2015-ல் பொம்பிளை ஒருமை என்று எங்கள் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்களே, அப்போது போனஸும் கூலியும்தான் பெரிதாகப் பேசப்பட்டது. பின்னால் நிலமும் கேட்டார்கள். யாராவது ஒரு எம்.எல்.ஏ. அந்த 81-ஆம் பிரிவைக் கையில் எடுத்து, உற்பத்தியைத் தொடாமல் லயத்துக்காரர்களுக்கு ஐந்து சென்ட் கொடு என்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தால் போதும். தோற்றாலும் பரவாயில்லை. 1996-ல் கௌரியம்மா நின்ற மாதிரி ஒருவர் நின்றாலும் எங்கள் பேர் சபைக் குறிப்பில் ஏறும்.

வக்கீல் ஐயா, 1957 டிசம்பரில் அந்த மசோதா வந்தபோது தோட்ட விலக்கைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்று சபைக் குறிப்பில் இருக்குமா? எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும். சட்ட வார்த்தைகள் மட்டும் புரியாது.

பழைய வக்கீல்

இருக்கும். சட்டமன்ற நூலகத்தில் நடவடிக்கைக் குறிப்புகள் உண்டு. நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், சட்ட வார்த்தைகளை நான் சொல்கிறேன். செலக்ட் கமிட்டி அறிக்கையிலிருந்து தொடங்கலாம், யார் யார் மாறுபட்ட குறிப்பு எழுதினார்கள் என்பது அதில்தான் வரும்.

கொழுந்துமலை

சரி ஐயா. இந்த வாரம் அப்பாவைப் பார்க்கப் போகிறேன், திரும்பி வந்ததும் திருவனந்தபுரம் போய் வாங்கிவிடுகிறேன். அப்பாவுக்கு 58 முடிகிறது, லயத்தைக் காலி செய்ய வேண்டும். நேற்றுப் போனில் பெட்டியைக் கட்டிவிட்டேன் என்றார். என்னப்பா இருக்கிறது அதில் என்று கேட்டேன். பி.எஃப். புத்தகம், ரேஷன் கார்டு, அம்மாவின் கொழுந்து பறிக்கும் கத்தரி என்றார்.